கெழக்கால யாரு காடு?

பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர்கள் சென்னியப்பனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். 'கெழக்காலயாரு' என்பது அது. விவசாய இலாகா உத்தியோகஸ்தர். சைக்கிளில் வருவார், காக்கிச் சட்டை போட்டிருப்பார், தலையில் துண்டு கட்டியிருப்பார். கொடியில் பூச்சி விழுந்துவிட்டது, மருந்து சொல்லுங்கள் என்று கூட்டிக்கொண்டு போனால் மனுஷன் கொடியைப் பார்க்க மாட்டார். வரப்பின்மேல் ஏறி நின்று காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்ப்பார். அப்புறம் கேட்பார்:

"ஏனுங்க, கெழக்கால யாரு காடு?"

"அது எவன் காடா இருந்தா என்னங்க? என்ர கொடிக்கு மருந்தச் சொல்லுங்க."

"சொல்றனுங்க. மொதல்ல கெழக்கால யாருன்னு சொல்லுங்க."

படிப்பு கூடிப்போனால் இப்படித்தான் மரை கழன்றுபோகும் என்று கொடிக்கால்காரர்கள் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் கேட்டதற்குப் பதில் வருகிற வரைக்கும் மருந்தின் பெயர் வாயிலிருந்து வராது. அந்தக் கேள்வியில் பாதி அவருக்குக் காலேஜில் கிடைத்தது. மறு பாதி கிடைத்தது மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே, அவருடைய அத்தை சுப்பம்மாளின் வேலியில்.

சென்னியப்பனின் தகப்பனார் சடையனுக்கு நிலத்துக்குப் பஞ்சமில்லை. என்ன ஒன்று, அதில் பாதி அவருடையது, பாதி கள்ளியுடையது. சப்பாத்திக்கள்ளி. ஆள் உயரத்துக்குப் பட்டை பட்டையாக எழும்பி, நாய் கூட நுழைய முடியாதபடி அடைந்து கிடந்தது. வெட்டிப் போட்டால் வெட்டின துண்டெல்லாம் விழுந்த இடத்திலேயே வேர் பிடிக்கும். தீ வைத்தால் மேலே கருகி அடியில் துளிர்க்கும். உள்ளே பாம்பும் எலியும் கீரியும் குடித்தனம். மேட்டு நிலம் வைத்திருந்த பல பேருக்கு அன்றைக்கு இந்தப் பாடுதான். சடையன் காலையில் காட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்தக் கள்ளியைப் பார்த்து ஒரு வசவு வைப்பார். அப்புறம்தான் ஏரைத் தொடுவார்.

ஒரே பையன். திருச்செங்கோட்டில் பள்ளிக்கூடம் முடித்துத் திருச்சிராப்பள்ளியில் ஒரு காலேஜில் சேர்ந்தான். வக்கீலுக்குப் படிப்பான் என்று தகப்பன் நினைத்திருக்க, அவன் தாவர சாஸ்திரத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

"செடி கொடியப் பாக்கறதுக்கு அத்தன தொலவு போகோணுமாடா? நம்ம காட்டுல இல்லாத செடியா?"

"செடிய மட்டும் இல்லீங்கய்யா. எது எதைத் தின்னு பொழைக்குது, எது எதுக்கு எடங் குடுக்குது, ஒண்ணு போனா இன்னொண்ணு என்னாகுதுன்னு பாக்கறது. ஈகாலஜின்னு புதுப் பாடமுங்க."

"அதத்தான உங்கம்மா சோத்துச் சட்டிய வெச்சுக்கிட்டுத் தெனமும் பாக்கறா? அவளுக்கு ஆரு பட்டங் குடுத்தாங்க?"

தகப்பன் என்ன சொன்னாலும் அவனுக்குப் பாடம் பிடித்துப்போயிற்று. நடத்தினவர் சவரியார் என்கிற ஆசிரியர், சேலம் டவுனைச் சேர்ந்த கிறிஸ்தவர். குரல் தடித்தது, மீசை அதைவிடத் தடித்தது. மரச்சட்டத்தில் ஒரு சதுரம் செய்து வைத்திருப்பார். பையன்களைக் காவிரிக்கரைக்கு நடத்திக்கொண்டு போய், அந்தச் சட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எறியச் சொல்வார். விழுந்த இடத்தில் குந்தி, சட்டத்துக்குள் இருக்கிற புல், பூண்டு, எறும்பு, எச்சம் ஒன்று விடாமல் பார்க்கவேண்டும். வெயிலில் முதுகு தீய்ந்துபோகும். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். சென்னியப்பனுக்கு மட்டும் அந்தச் சதுரத்தை விட்டு எழுந்திருக்க மனசு வராது. பிறந்ததிலிருந்து மிதித்து நடந்த புல்லுக்கு ஒரு பிழைப்பு இருக்கிறது, அதற்கும் பங்காளிச் சண்டை உண்டு என்று அவனுக்கு அங்கேதான் தெரிந்தது.

1929-ஆம் வருஷம் பொங்கலுக்கு முன்னால் சவரியார் சப்பாத்திக்கள்ளியைப் பாடத்துக்கு எடுத்தார். இது வேறு தேசத்துச் செடி, செடி மட்டும் வந்துவிட்டது, அதைத் தின்கிற பூச்சி வரவில்லை, அதனால்தான் கேட்பாரில்லாமல் பரவிற்று என்றார். இப்போது இலங்கையிலிருந்து அந்தப் பூச்சியைக் கொண்டுவந்து தெற்கே விட்டிருக்கிறார்கள், விட்ட இடத்தில் கள்ளி அழுகி விழுகிறது, நம் காவிரிக்கரைக் கள்ளியிலும் பிடித்துவிட்டது என்றார். சென்னியப்பனுக்கு அது பாடமாகவே படவில்லை. ஐயன் தினமும் காலையில் வைக்கிற வசவு காதில் விழுந்தது.

"இந்தப் பூச்சி கள்ளியைத் தவிர வேறு எதையும் தொடாது. பெண் பூச்சிக்கு இறக்கை கிடையாது. ஒட்டின இடத்திலேயே கிடந்து சாறு குடிக்கும், வெள்ளைப் பஞ்சு போர்த்திக்கொள்ளும், அங்கேயே சாகும்," என்று சொல்லிக்கொண்டிருந்தபோது மணி அடித்துவிட்டது. "மீதி நாளைக்கு," என்று சொல்லிச் சவரியார் சாக்கட்டியை வைத்துவிட்டார்.

மறுநாள் சென்னியப்பன் வகுப்பில் இல்லை. பொங்கல் லீவுக்கு ஒரு நாள் முந்தியே ரயில் ஏறிவிட்டான். மடியில் ஒரு பனையோலைக் கூடை, கூடைமேல் ஈரச் சாக்கு, சாக்குக்குள் ஆற்றோரத்தில் பூச்சி பிடித்த கள்ளிப் பட்டைகள். எதிரில் இருந்த ஜவுளிக்காரர் ஒருவர், "பலகாரமா தம்பி?" என்று உரிமையாகச் சாக்குக்குள் கையை விட்டு, கரூர் வருகிற வரைக்கும் விரலிலிருந்து முள் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

ஊரில் அன்றைக்கு அதுதான் வேடிக்கை. சடையன் காட்டு வரப்பில் கூட்டம் நின்றது. சென்னியப்பன் ஒரு பூச்சியை எடுத்து நசுக்கிக் காட்டினான். விரலெல்லாம் சிவப்பு.

"அட, ரத்தமில்ல வருது!" என்றான் ஆட்டுக்காரக் கண்ணுசாமி. ஊர் ஆட்டில் பெரிய மந்தை அவனுடையது. வாயும் அப்படித்தான். "ஏனுங் சின்னவரே, இது ஆட்டத் தின்னுமுங்களா? தின்னுச்சுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க, நான் வேற ஊருக்குப் போயிர்றன்."

"கள்ளியத் தவிர ஒண்ணையும் தொடாது."

கூட்டத்தின் ஓரத்தில் சுப்பம்மாள் நின்றிருந்தாள். சடையனுக்குச் சித்தப்பன் மகள், சென்னியப்பனுக்கு அத்தை. புருஷன் அம்மையில் போய் வெகு காலமாயிற்று. பள்ளத்துக்கு, அதாவது அந்த மழைக்கால ஓடைக்கு, மேற்கே சடையனின் காடு. கிழக்கே அவளுடைய துண்டு நிலம். அந்தத் துண்டுக்கு நடுவில் ஒரு கிணறு. கத்தரி, அவரை, மிளகாய் வைத்துச் சந்தைக்குக் கூடை தூக்கித்தான் அவள் பிழைப்பு. அந்தத் தோட்டத்தைச் சுற்றி நான்கு பக்கமும் வேலி. வேலி என்றால் கள்ளி வேலிதான். அவளே பட்டை பட்டையாக நட்டது. தண்ணீர் கேட்காது, காவல் கேட்காது. கண்ணுசாமியின் ஆடு எத்தனை வருஷமாகவோ அதற்கு வெளியே நின்று அவரைக்கொடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வேலி இல்லாவிட்டால் ஒரே நாளில் தோட்டம் காலி.

"ஏஞ் சாமி," என்றாள் சுப்பம்மாள். "இந்தப் பூச்சி என்ர வேலிக்கு வந்துறாதா?"

"வராதுங்கத்தே. இதுக்கு ரெக்கை கெடையாது. நடந்து பள்ளத்தத் தாண்டறதுக்குள்ள வெயில்ல செத்துப்போயிரும்."

"நெசமாலுமா?"

"காலேஜில சொன்னதுங்கத்தே."

"படிச்ச புள்ள சொன்னாச் செரி," என்று அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பூச்சி சொன்ன வேலையைச் செய்தது. சித்திரை வெயிலில் சடையன் காட்டுக் கள்ளி மஞ்சளித்து, தொய்ந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டது. பள்ளத்தோரத்தில் மட்டும் கொஞ்சம் பச்சை மிச்சமிருந்தது, அதிலும் பூச்சி. அதற்குள் குடியிருந்த பாம்பெல்லாம் ஊருக்குள் வந்து கோழிக்கூட்டில் படுத்ததில் கொஞ்ச நாள் பெண்டு பிள்ளைகள் பதறினார்கள். சடையன் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறந்ததிலிருந்து அவர் கால் படாத தன் சொந்த மண்ணில் முதல் தடவையாக நடந்தார். நடந்துவிட்டு, "என்னமோ படிச்சிருக்கறான்," என்றார். மகனை அவர் புகழ்ந்தது வாழ்நாளில் அவ்வளவுதான். செத்த கள்ளியைக் கொத்திக் குவித்து எரிப்பதற்குள் ஆடிப்பட்டம் தவறிப்போகும் என்று தெரிந்தது. புரட்டாசியில் கொள்ளு விதைத்துக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். அந்த மண்ணில் தன் கையால் விதைப்பதைப் பற்றிச் சாப்பிடும்போதெல்லாம் பேசினார்.

ஆடிப் பதினெட்டுக்குச் சென்னியப்பன் ஊருக்கு வந்தான். அந்த மாதத்தில் எங்கள் பக்கத்துக் காற்றைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. மேற்கிலிருந்து வாரி அடிக்கும். கூரையில் கல் வைக்காவிட்டால் கூரை பக்கத்து ஊரில் கிடக்கும். பலகாரத் தூக்கோடு அத்தையைப் பார்க்கப் போனவன் பள்ளத்தைத் தாண்டினதும் நின்றுவிட்டான்.

வேலியின் மேற்கு மூலையில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு. கள்ளிப் பட்டைகளின்மேல் பஞ்சு ஒட்டினாற்போல.

வேலி நெடுக வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தது. கீழே மஞ்சள் தண்ணீர் தெளித்த ஈரம் காயவில்லை.

"வா சாமி," என்றாள் சுப்பம்மாள். குரல் அடங்கியிருந்தது. "தூக்கைக் கெணத்து மேட்டுலயே வெச்சுரு. எண்ணெப் பலகாரம் இப்ப ஊட்டுக்குள்ள ஆகாது."

"ஏனுங்கத்தே?"

"தெரியலையா? வேலிக்கு அம்ம போட்டிருக்குது. ஆத்தா வந்திருக்கறா."

அவள் வீட்டில் தாளிப்பு நின்று வாரம் ஆகியிருந்தது. வெறும் கம்மங்கூழ், மோர். வேறு வீட்டுக்குப் போவதில்லை, சந்தைக்கும் போகவில்லை. மனுஷருக்கு அம்மை கண்டால் என்ன செய்வார்களோ அத்தனையும் ஒரு வேலிக்குச் செய்துகொண்டிருந்தாள்.

"அத்தே, இது அம்ம இல்லீங்க. எங்காட்டுப் பூச்சி."

"உன்ர பூச்சிதான் பள்ளத்தத் தாண்டாதுன்னியே? நான் ஊர்முன்னால கேட்டனில்ல? ரெக்கை இல்லாத பூச்சி அக்கட்டால இருந்து இக்கட்டால எப்படிடா வரும்? அப்ப இது ஆத்தாதான்."

சென்னியப்பன் சொன்னதை வைத்தே அவனை மடக்கிவிட்டாள். வேலியோடு நடந்து பார்த்தான். மூலையில் மட்டும்தான் பொட்டு; கொஞ்சம் தள்ளி வேலி பச்சையாகத்தான் இருந்தது. நோய் பிடித்த துண்டை வெட்டி எடுத்து, பிடிக்காத வேலிக்கும் அதற்கும் நடுவில் அகலமாக ஓர் இடைவெளி விட்டு, வெட்டினதை அங்கேயே எரித்துவிட்டால் மீதி வேலி பிழைக்கும். இப்போதே செய்தால் பிழைக்கும். காற்று ஓய்கிற வரைக்கும் காத்திருந்தால் ஒன்றும் மிஞ்சாது.

"அருவாளக் குடுங்கத்தே. இந்த மூலைய மட்டும் வெட்டிப்போடறன். மிச்சம் தப்பிச்சுக்கும்."

சுப்பம்மாள் ஓடி வந்து வேலிக்கு முன்னால் நின்றாள். "இரும்பு படக்கூடாது! ஆத்தா இருக்கற எடத்துல இரும்பு கொண்டாராத!"

அவன் திரும்பி வீட்டுக்கு வந்தான். இறக்கை இல்லாதது எப்படித் தாண்டிற்று? மறுபடியும் போய், காவிரிக்கரையில் குந்தின மாதிரி, வேலிக்கு முன்னால் குந்தினான். வெகு நேரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது: பொட்டெல்லாம் பட்டைகளின் மேற்கு முகத்தில் இருந்தது. கிழக்கு முகம் சுத்தம். எழுந்து நின்றான். முதுகில் ஆடிக்காற்று அறைந்தது.

காலேஜுக்குக் கட்டுவதற்கென்று வைத்திருந்த வெள்ளை வேட்டியை எடுத்தான். அத்தை வீட்டில் எண்ணெய் கேட்க முடியாது. தன் வீட்டிலிருந்து விளக்கெண்ணெயைக் கொண்டுவந்து வேட்டி முழுக்கத் தடவி, பள்ளத்தின் நடுவில் இரண்டு கழி நட்டு விரித்துக் கட்டினான். கண்ணுசாமி ஆடுகளோடு அந்த வழியாக வந்தான்.

"ஏனுங் சின்னவரே, வேட்டிக்கு எண்ணெ தேச்சுத் தண்ணி வாக்கறீங்களா? சனிக்கெழமை கூட இல்லியே."

"போய்யா அந்தால."

"போறனுங், போறனுங். நாளைக்குத் துப்பட்டிக்குன்னாச் சொல்லுங்க, சீயக்கா அரச்சாறன்."

மறுநாள் வேட்டியில் தூசி, தும்பு, சருகு, எல்லாம் ஒட்டியிருந்தது. அதற்கு நடுவே, ஊசிமுனை குத்தினாற்போல, சிவப்பாகப் புள்ளிகள். காலேஜ் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தான். புள்ளிக்குக் கால் இருந்தது. முதுகில் வெள்ளை இழை இழையாக மயிர் நீட்டிக்கொண்டிருந்தது. இப்போதுதான் பொரிந்த குஞ்சு. தாய் நகராது, குஞ்சு பட்டை நுனிக்கு ஏறி, இழையை விரித்துக்கொண்டு காற்றில் ஏறிப் போகிறது. அத்தையிடம் அவன் சொன்னது தப்பு. ஆனாலும் சந்தோஷம்தான் வந்தது. தானாகவே கண்டுபிடித்துவிட்டானே! வேட்டியைச் சுருட்டிக்கொண்டு அத்தையிடம் ஓடினான்.

சுப்பம்மாள் கண்ணாடியை வாங்கி வெகு நேரம் பார்த்தாள்.

"ஆமாஞ் சாமி. காலு இருக்குது. மசுரு கூட இருக்குது."

"பாத்தீங்களா? எங்காட்டுலருந்து காத்துல வந்திருக்குது. இப்ப நம்பறீங்களா?"

"நான் எங்க நம்பலைன்னேன்? ஆத்தா காத்துலதான்டா வருவா. எங்கூட்டுக்காரருக்கு வந்தப்பவும் இப்படித்தான் மேக்காத்து அடிச்சுது."

சென்னியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவளும் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். அப்புறம் அவள் பேசினது வேறு குரலில் இருந்தது.

"அன்னைக்கு அவரு படுத்துக் கெடக்கறப்ப, வாசல்ல பந்தலுக்குத் தடையா ஒரு முருங்க நின்னுச்சு. பந்தல் போட்டாக் குளுகுளுன்னு இருக்குமேன்னு நாந்தான் வெட்டச் சொன்னேன். என்ர அண்ணந்தம்பி எல்லாம் வேண்டாம்னாங்க. அருவாளப் போட்டு வெட்டியாச்சு. அம்ம எறங்கி மூணாந் தண்ணி ஊத்தறதுக்குள்ள அவரு போயிட்டாரு. நீ படிச்சவன், முருங்கைக்கும் அதுக்கும் என்ன சம்மந்தம்ப. இருக்காது. இல்லாமயே இருக்கட்டும். ஆனா நான் இன்னொருக்கா அருவாள எடுக்க மாட்டேன் சாமி. வேலி போனாப் போகுது."

முருங்கைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சொல்ல அவனுக்குத் தெரியும். எல்லாம் தெரியும். சொல்லவில்லை. அவள் கிணற்றுக்குப் போன நேரத்தில் மூலையை வெட்டிப் போட்டுவிட எத்தனை நேரம் ஆகும்? அதையும் நினைத்தான். அரிவாள் வரப்பில்தான் கிடந்தது. எடுத்துக்கொண்டு போய் அவள் வீட்டு எரவானத்தில் செருகிவிட்டு, வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

புரட்டாசி பிறந்தபோது வேலி இல்லை. மூலையில் தொடங்கியது வரிசையாகச் சாய்ந்து, நான்கு பக்கமும் சொதசொதவென்று கிடந்தது. திருச்சிராப்பள்ளிக்குப் போய்ப் பாதி மனசோடு உட்கார்ந்திருந்தவன், சேதி கேட்டதும் வந்துவிட்டான். வந்தபோது சுப்பம்மாள் அவரைப் பாத்திக்கு நடுவில் நின்று, கையில் விளக்குமாறோடு ஆடுகளைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

"ஏண்டா கண்ணுசாமி, உன்ர ஆட்டுக்குக் கண்ணில்லையா?"

"கண்ணிருக்கறதாலதானுங்க வருது! இத்தன வருசமா வேலிக்கு வெளிய நின்னு பாத்த கண்ணுங்க அது. நான் நாலு பக்கமும் ஓடறன். அதுங்களுக்குக் காலு நாலு, எனக்கு ரெண்டு."

சென்னியப்பன் தடியை எடுத்துக்கொண்டு காவலுக்கு நின்றான். காலேஜ் நடந்துகொண்டிருந்தது, வருகைப் பதிவு போய்க்கொண்டிருந்தது. ஒரு பக்கம் விரட்டினால் மறு பக்கம் நுழைந்தன. அவரைக்கொடியில் பாதி போய்விட்டது. கிளுவைக் குச்சி வெட்டி நட்டு வேலி போடலாம். ஆனால் மழை பிடித்தால்தான் அது வேர் விடும், வேர் விட்டுக் கிளை கோர்த்துக்கொள்ள வருஷம் ஆகும். அதுவரைக்கும்?

ஒரு மத்தியானம் வெள்ளாடு ஒன்று அவன் தடியைச் சட்டை செய்யாமல் முன்னங்காலைத் தூக்கி மிளகாய்ச் செடியைக் கடித்தது. மிளகாய்ச் செடியை ஆடு லேசில் தின்னாது. அவன் தடியைக் கீழே போட்டான். சதுரத்துக்கு முன்னால் குந்துகிற புத்தி அப்போதுதான் வேலை செய்தது. வேலியையே பார்த்துக்கொண்டிருந்தோம், இந்த ஆடு எதைத் தின்று பிழைக்கும் என்று யாராவது பார்த்தோமா? தலையைத் தூக்கினான். பள்ளத்துக்கு மேற்கே ஐயனின் காடு தெரிந்தது. கள்ளி போன மண்ணில் ஒரு மழைக்கே கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் எழும்பியிருந்தது. உழுது கொள்ளு விதைப்பதற்காகச் சடையன் அதில் ஒரு கன்றைக்கூட விடாமல் காத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் தகப்பனிடம் சொன்னான். சடையன் ஏர்க்கலப்பையில் கொழுவை அடித்து இறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னே? ஆட்ட உடறதா? என்ர காட்டுலயா?"

"இந்த ஒரு வருசம் மட்டுமுங்கய்யா. கண்ணுசாமி மந்தை அங்க மேயட்டும். ராத்திரிப் பட்டியும் அங்கயே போடட்டும். புழுக்கை மண்ணுக்கு ஆகும். அத்தை தோட்டம் தப்பிச்சுக்கும். அதுக்குள்ள கிளுவை புடிச்சுரும்."

"பொறந்ததுலருந்து இந்த மண்ணுல நான் ஒரு வெத போட்டதில்லடா. இப்பத்தான் கெடச்சுது. கொள்ளு மூட்டையை அவுத்து வெச்சிருக்கறன், பாத்தியா?"

"பாத்தனுங்க."

"ஒரு கொத்து புல்லாச்சும் எனக்கு உடுவயா, அதும் ஆட்டுக்கா?"

சடையன் கொழுவை இன்னும் நாலு அடி அடித்தார். அது ஏற்கனவே இறுகித்தான் இருந்தது.

"சுப்பம்மா என்ன சொல்றா?"

"ஒண்ணுஞ் சொல்லலீங்க. என்னைய ஒரு வார்த்தை கூட வையலீங்க."

"அதான்டா கஷ்டம். வஞ்சிருந்தா நான் கொள்ளு வெதச்சிருப்பேன்." கொள்ளு மூட்டையின் வாயைக் கட்டினார். "அந்தக் கண்ணுசாமிப் பயலக் கூப்புடு. ஒரு ஆடு பள்ளத்தத் தாண்டுச்சுன்னா அவன் கால ஒடிப்பேன்னு சொல்லிப்போடு."

ஆடுகள் மேற்கே போயின. ஒன்றும் தாண்டவில்லை, வாய்க்குப் புல் இருக்கும்போது அதற்கு மிளகாய் எதற்கு? ஐப்பசி மழையில் சென்னியப்பனும் கண்ணுசாமியும் சேர்ந்து தோட்டத்தைச் சுற்றிலும் கிளுவைக் குச்சி நட்டார்கள். நட்டு முடிந்த அன்றைக்குச் சுப்பம்மாள் மாதக்கணக்கில் தாளிக்காத சட்டியில் கடுகு போட்டாள். மூன்று பேரும் தோட்டத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"இன்னுமா ஆத்தாங்கறீங்க அத்தே?" என்று கேட்டான் சென்னியப்பன்.

"ஆத்தாதான். ஆனா உன்ர கூடையிலதான்டா வந்தா." சோற்றை அவன் பக்கம் தள்ளினாள். "பாதி படிச்சதுக்கே என்ர வேலி போச்சு. மிச்சத்தையும் படிச்சுப்போட்டு வா சாமி. பாதிப் படிப்போட ஊருக்குள்ள திரியாத."

கண்ணுசாமிக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

காலேஜில் சவரியார் அவன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மீசையைத் தடவினார்.

"குஞ்சு காற்றில் போகும் என்று பொங்கலுக்கு முந்தி வகுப்பில் சொன்னேனே. காற்றடிக்கிற திசையில் யாருடைய கள்ளி வேலி இருக்கிறது என்று பார்த்துத்தான் விடவேண்டும் என்றும் சொன்னேன். நீ எங்கே இருந்தாய்?"

"ரயில்லங்க சார்."

வருகை போதாமல் அந்த வருஷம் பரீட்சைக்கு விடவில்லை. மறு வருஷம் எழுதித் தேறினான். சடையனும் அந்த மறு வருஷம்தான் கொள்ளு விதைத்தார். ஆட்டுப் புழுக்கை விழுந்த மண், விளைச்சல் நன்றாகவே இருந்தது. ஆனாலும் விதைக்காமல் போன அந்த ஒரு வருஷத்தை அவர் மகனுக்குச் சொல்லிக்காட்டாத பொங்கல் கிடையாது.

விவசாய இலாகாவில் உத்தியோகம் கிடைத்ததும் சென்னியப்பன் அத்தையிடம் சொல்லப் போனான். கிளுவை தழைத்துக் கிளை கோர்த்திருந்தது. சுப்பம்மாள் தழையைக் கழித்து வேலிக்கு வெளியே போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணுசாமியின் ஆடுகள் அதைத் தின்றுகொண்டிருந்தன. கையில் அரிவாள் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"எந்த ஊருக்குப் போட்டிருக்கறாங்க?"

"பரமத்தி வேலூருங்கத்தே. கொடிக்கால், வாழ, கரும்பு. பூச்சி உழுந்தா மருந்து சொல்றது, புதுசா வெத வந்தாக் குடுக்கறது, அதான் வேல."

"அங்க ஆடிக் காத்து எங்கருந்து அடிக்கும்?"

"அங்கயும் மேக்கருந்துதானுங்க."

சுப்பம்மாள் இன்னொரு கை தழையைக் கழித்து ஆடுகளுக்குப் போட்டாள்.

"அப்ப கெழக்கால எவளாச்சும் ஒருத்தி இருப்பா. எதையாச்சும் கூடைய உட்டு எறக்கறதுக்கு முந்தி, அவ ஆருன்னு கேட்டுக்க சாமி."